டிசம்பர் 3 கூட்டத்தில் ஜாவேத் அபிதியைப் பற்றி என்ன பேசலாம்?

மயூர் விஹார் வாசி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். கிழக்கு தில்லியில் மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்பைச் சுற்றியுள்ள தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து பொங்கல், நவராத்திரி எல்லாம் நடத்துவோம். இந்த ஆண்டு டிசம்பர் 3, உலக மாற்றுத்திறனாளிகள் நாளன்று ஒரு மாலைக் கூட்டம் வைக்க முடிவாகியிருக்கிறது. இதே தில்லியில் இருந்துகொண்டு நாட்டின் சட்டத்தை மாற்ற உழைத்த ஜாவேத் அபிதிக்கு மரியாதை செய்ய வேண்டும் என்று குழுவில் தீர்மானித்தார்கள். பதினைந்து நிமிடம் பேசும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள்.

நான் திரட்டி வைத்திருப்பது இவ்வளவுதான். 1965-இல் அலிகரில் பிறந்தவர். பிறவியிலேயே முதுகுத்தண்டைப் பாதிக்கும் ஸ்பைனா பிஃபிடா. பதினைந்து வயதிலிருந்து சக்கர நாற்காலி. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் ரைட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இதழியல் படித்துவிட்டு 1989-இல் இந்தியா திரும்பினார். 1993-இல் ராஜீவ் காந்தி அறக்கட்டளையில் மாற்றுத்திறனாளிகளுக்கான பிரிவைத் தொடங்கினார். பிறகு மாற்றுத்திறனாளிகள் வேலைவாய்ப்பு மேம்பாட்டுக்கான தேசிய மையத்தை நடத்தினார். 2018 மார்ச் 4 அன்று 52 வயதில் மறைந்தார்.

எழுதிப் பார்த்தால் இரங்கல் குறிப்பு போல இருக்கிறது. அழைப்பிதழிலோ "உடற்குறையை வென்ற மாமனிதர்" என்று போட்டிருக்கிறார்கள். அதிலும் எனக்கு மனம் ஒட்டவில்லை. கூட்டத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பள்ளிப் பிள்ளைகள், மீதிப் பேர் ஓய்வு பெற்றவர்கள். அவர் உழைப்பால் நம் கண்ணெதிரே மாறியது என்ன? அவரைப் பார்த்தவர்களோ, அவருடைய வேலை தங்கள் வாழ்க்கையைத் தொட்டவர்களோ இங்கே இருந்தால் சொல்லுங்கள்.

பழைய ஆர்.கே.புரம்வாசி:

தம்பி, முதலில் அழைப்பிதழில் இருக்கும் அந்த வரியை எடுக்கச் சொல்லுங்கள். அபிதி தம் உடலோடு சண்டை போட்டவர் அல்லர். படிக்கட்டை மட்டும் கட்டிவிட்டு வேலை முடிந்தது என்று கையெழுத்துப் போட்ட அலுவலகங்களோடும், அந்தக் கையெழுத்தைச் செல்லவிட்ட சட்டத்தோடும்தான் அவர் மோதினார்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஊர் கும்பகோணம் பக்கம். கைக்குழந்தையாக இருந்தபோதே போலியோ வந்தது. 1980-களில் தேர்வு எழுதித் தில்லிக்கு வந்து, மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் சுருக்கெழுத்தராக இருந்து ஓய்வு பெற்றேன். அப்போது காலைத் தாங்கப் பூட்டும் காலிப்பரும் ஊன்றுகோலும். இப்போது சக்கர நாற்காலி. வெகுகாலம் ஆர்.கே.புரம் அரசுக் குடியிருப்பில் இருந்தேன், இன்று ஜனக்புரியில் தம்பி குடும்பத்தோடு இருக்கிறேன். அபிதியோடு பழகியவள் இல்லை. ஓரிரு கருத்தரங்குகளில் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். ஆனால் அவர் பிடித்து இழுத்த ஒவ்வொரு விஷயமும் கொஞ்ச காலத்துக்குள் என் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது. அதைத்தான் என்னால் சொல்ல முடியும்.

1995 டிசம்பரிலிருந்து தொடங்குங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான முதல் முழுமையான மசோதா நாடாளுமன்றத்தின் முன் இருந்தது. பொதுத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. மக்களவை கலைந்தால் அங்கே நிலுவையில் இருக்கும் மசோதாவும் அதோடு போய்விடும். மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டும். அரசு அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும், அதனால் எங்களில் பலர் நம்பிக்கையை விட்டுவிட்டிருந்தோம். அபிதியும் அவர் தொடங்கிய மாற்றுத்திறனாளிகள் உரிமைக் குழுவும் டிசம்பர் 19 அன்று தில்லியில் போராட்டம் நடத்தினார்கள். பார்வையற்றவர்கள், காது கேளாதவர்கள், கால் நடக்காதவர்கள் என்று தனித்தனியாக மனு கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் ஒரே கோரிக்கையோடு ஒன்றாக நின்றார்கள். டிசம்பர் 22 அன்று மசோதா நிறைவேறியது. நான் அரசு ஊழியர் என்பதால் அந்தக் கூட்டத்தில் போய் நிற்க முடியவில்லை. மறுநாள் செய்தித்தாளை அலுவலகத்தில் எல்லோரும் படித்துவிட்டு வைத்த பிறகு எடுத்துப் படித்தேன். மூன்று நாளில் நடந்ததே, அந்தக் கணக்கைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். நாடாளுமன்றத்தின் நாள்காட்டியைப் பார்த்துத் தன் நாளைக் குறித்தவர் அவர். வீரம் பலரிடம் இருந்தது, தேதி பார்க்கும் அறிவுதான் குறைவாக இருந்தது.

அந்தச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை ஏற்றது, அரசு வேலையில் மூன்று சதவீத இட ஒதுக்கீடு தந்தது. ஆனால் கட்டடம், சாலை, போக்குவரத்து பற்றிய பிரிவுகளில், அரசின் பொருளாதாரச் சக்திக்கும் வளர்ச்சிக்கும் உட்பட்டு என்று ஒரு வாசகம் இருந்தது. அந்த ஒரு வாசகம் எங்களைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. நான் வேலை பார்த்த கட்டடத்தில் மின்தூக்கிக்குப் போவதற்கே ஐந்து படி ஏற வேண்டும். சாய்தளம் கேட்டு எழுதினால் நிதி இல்லை என்று பதில் வரும். எழுதியவர் மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை, ஏனென்றால் அப்படி எழுத அவருக்குச் சட்டமே இடம் கொடுத்திருந்தது. சட்டம் வந்தால் போதும் என்று வீட்டுக்குப் போகாமல், சட்டத்துக்குள் எந்தச் சொல் நம்மைத் தடுக்கிறது என்று வரி வரியாகப் பார்த்தவர்கள் வரிசையில் அபிதி முன்னால் நின்றார்.

அவர் உச்ச நீதிமன்றம் சென்றது இதற்கு நல்ல உதாரணம். அரசு விமான நிறுவனம் பார்வையற்ற பயணிகளுக்குப் பாதிக் கட்டணம் வாங்கியது; நடக்க முடியாதவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. 1998 டிசம்பரில் தீர்ப்பு வந்தது: எண்பது சதவீதமும் அதற்கு மேலும் உடலியக்கக் குறைபாடு உள்ளவர்களுக்கும் அதே சலுகை. என் சான்றிதழில் இருந்த சதவீதம் எண்பதுக்குக் கீழே. ஆகையால் நான் வழக்கம்போல இரண்டு இரவு ரயிலில்தான் சென்னை போய்க்கொண்டிருந்தேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், மேடையில் எல்லோருக்கும் எல்லாம் கிடைத்துவிட்டது என்று பேசிவிட வேண்டாம். ஒரு தீர்ப்பு ஒரு கோட்டைப் போடும். கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பவர்கள் இன்னொரு மனு எழுத வேண்டும். கொள்கை மாற்றம் அப்படித்தான் நடக்கிறது. அவருடைய வாழ்க்கையும் மனு மேல் மனுவாகத்தான் போயிற்று.

இனி 2001. இதை நீங்கள் விரிவாகப் பேச வேண்டும், தில்லிக்காரர்களுக்கு இது நேரே புரியும். அந்த ஜனவரியில், சக்கர நாற்காலியில் இருந்த புகழ்பெற்ற இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங் இந்தியா வந்தார். அவர் குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை, ஜந்தர் மந்தர், செங்கோட்டை பார்க்க விரும்பினார். தொல்லியல் துறை மரத்தால் தற்காலிகச் சாய்தளங்கள் போட்டது. சில நாளில் முடிந்த வேலை! பழமை கெடும், அழகு குறையும் என்று அதுவரை சொன்ன காரணங்கள் எல்லாம் ஒரு விருந்தினர் வந்ததும் எங்கே போயின? அந்தக் கேள்வியை அபிதி விடாமல் பிடித்துக்கொண்டார். இத்தனை ஆண்டு தில்லியில் இருந்தும் குதுப் மினாரை பஸ் ஜன்னல் வழியாகவே பார்த்த எனக்கு அந்தப் பலகைகளின் படத்தைச் செய்தித்தாளில் பார்த்தபோது வயிறு எரிந்தது. ஹாக்கிங் மேல் எரிச்சல் இல்லை, அவர் வந்ததால்தானே உண்மை வெளிப்பட்டது.

அடுத்த மாதமே மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 1981-இல் மாற்றுத்திறனாளிகளைப் பற்றி ஒரு கேள்வி இருந்தது, 1991-இல் அதை எடுத்துவிட்டார்கள். 2001-க்கும் அது வராமல் போகும் நிலை இருந்தது. எண்ணிக்கை இல்லை என்றால் நிதி இல்லை, பள்ளி இல்லை, பதவி இல்லை என்று அபிதியும் மற்றவர்களும் போராடிக் கேள்வியைச் சேர்க்கவைத்தார்கள். பிப்ரவரியில் எங்கள் குடியிருப்புக்கு வந்த கணக்கெடுப்பாளர் ஒரு பள்ளி ஆசிரியை. பெயர், வயது, தாய்மொழி எல்லாம் கேட்டார். அந்தக் கட்டம் வந்ததும் என் காலைப் பார்த்தார், பேனாவை அடுத்த கேள்விக்கு நகர்த்தினார். நல்ல மனசுதான், என்னை வருத்தப்படுத்தக் கூடாது என்று நினைத்திருப்பார். நான் அவர் கையைப் பிடித்து, "அந்தக் கட்டத்தை நிரப்புங்கள், அதற்காகத்தான் ஆட்கள் தெருவில் நின்றார்கள்" என்றேன். கீழ்த்தளத்தில் ஒரு குடும்பம், மூத்த மகனுக்கு மனவளர்ச்சிக் குறைபாடு. மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்ததால் அந்த அம்மாள் எழுதவிடத் தயங்கினார். அவரோடு உட்கார்ந்து பேசினேன். இது ரகசியமாக வைக்கப்படும், பெண் பார்க்க வருகிறவர்களிடம் போகாது, ஆனால் உன் பிள்ளை இந்த நாட்டின் கணக்கில் இருக்க வேண்டாமா என்று கேட்டேன். கடைசியில் அவரே ஆசிரியையைத் திரும்ப அழைத்து எழுதச் சொன்னார். அந்தக் கணக்கெடுப்பில் 2.19 கோடி என்று வந்தது, 2011-இல் 2.68 கோடி. உண்மையான எண்ணிக்கை இதைவிட மிக அதிகம் என்பதே என் எண்ணம், ஏனென்றால் நகர்ந்துபோன பேனாக்களையும் தயங்கிய தாய்மார்களையும் நான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அன்றுமுதல் யாரும் "அப்படி எத்தனை பேர் இருக்கப் போகிறார்கள்" என்று கேட்டுவிட்டுப் போக முடியவில்லை.

2004 தேர்தலின்போது வாக்குச் சாவடிகளில் சாய்தளம் வேண்டும் என்று அபிதியின் உரிமைக் குழுவினர் மறுபடி உச்ச நீதிமன்றம் போனார்கள். நீதிமன்றமும் தேர்தல் ஆணையத்துக்கு உத்தரவுகள் கொடுத்தது. அதற்கு முன்பெல்லாம் என் தம்பிதான் என்னைப் பள்ளிக்கூடத்துப் படியில் தூக்கிக்கொண்டு போவான். வரிசையில் நிற்பவர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். அந்தப் பரிவு எனக்குப் பிடிக்காது. பிறகு ஒரு தேர்தலில் எங்கள் சாவடிக்கும் மரப்பலகை வந்தது. சரிவு அதிகம், ஒரு பக்கம் பிடிமானமும் இல்லை, புகார் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். ஆனால் என் காலிலேயே ஏறினேன்.

2006-இல் மாற்றுத்திறனாளிகள் உரிமை பற்றிய ஐ.நா. உடன்படிக்கை, 2007-இல் இந்தியாவின் ஒப்புதல், 2016-இல் புதிய சட்டம், இவற்றை நீங்கள் எங்கும் படித்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் சொல்லுங்கள்: பணமதிப்பு நீக்க அமளியில் நாடாளுமன்றமே நடக்காமல் கிடந்த அந்தக் குளிர்காலக் கூட்டத்தொடரிலும் இந்த மசோதா டிசம்பர் 14 அன்று மாநிலங்களவையிலும் 16 அன்று மக்களவையிலும் நிறைவேறியது. ஏழு வகை இருபத்தொன்றாக உயர்ந்தது, மூன்று சதவீதம் நான்காயிற்று.

கல்லூரி ஆசிரியர்:

அம்மா சொன்னதை மதிக்கிறேன். நான் பார்வையற்றவன், தில்லியில் ஒரு கல்லூரியில் அரசியல் அறிவியல் கற்பிக்கிறேன், எழுத்தைக் குரலில் வாசித்துக் காட்டும் திரை வாசிப்பான் துணையோடு இதைப் படித்தேன். கேள்வி கேட்ட நண்பருக்கு ஒரு வேண்டுகோள். இந்தியாவில் இந்தப் போராட்டமே 1990-களில்தான் தொடங்கியது என்று எண்ணும்படி பேசிவிடாதீர்கள். 1980 மார்ச்சில் இதே தில்லித் தெருவில் வேலை கேட்டு ஊர்வலம் போன பார்வையற்றவர்கள் மேல் போலீஸ் தடியடி நடத்தியது. தேசியப் பார்வையற்றோர் கூட்டமைப்பு அழைத்து வந்த மக்கள் அவர்கள். அந்த அடியை வாங்கியவர்கள் இல்லாமல் 1995 இல்லை. அதே கூட்டமைப்பு தொடுத்த வழக்கில்தான் 2013 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மூன்று சதவீதத்தைக் கணக்கிட வேண்டிய முறையைத் தெளிவாக்கியது. மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றவை என்று அடையாளம் காட்டிய பணியிடங்களை மட்டும் வைத்துக் கணக்கிடக் கூடாது, மொத்தப் பணியிடங்களையும் வைத்தே கணக்கிட வேண்டும் என்றது. எனக்குப் பின்னால் வேலைக்கு வந்த மாணவர்கள் பலருக்கு அந்த ஒரு வரியே சோறு போட்டது.

அபிதியின் பெருமை இதனால் குறையாது. தனித்தனிக் குழுக்களாகப் போராடியவர்களை ஒரு குடையின் கீழ் கொண்டுவந்ததே அவர் செய்த பெரிய வேலை. அதற்கு முன்னால் குழுக்கள் இருந்தன என்று சொன்னால்தானே அவர் சேர்த்தது என்ன என்று கேட்பவர்களுக்குப் புரியும்?

இன்னொன்று. கூட்டத்தில் படங்கள் திரையிடுவதாக இருந்தால், படத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு வாக்கியம் வாயால் சொல்லுங்கள். "இங்கே பாருங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போகும் பேச்சாளர்களால் நான் பல கூட்டங்களிலிருந்து பாதியில் எழுந்து வந்திருக்கிறேன்.

பழைய ஆர்.கே.புரம்வாசி:

ஐயா சொல்வது முழுக்கச் சரி. 1980 தடியடி பற்றி அலுவலகத்தில் மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். தம்பி, உங்கள் பதினைந்து நிமிடத்தில் முதல் இரண்டு நிமிடத்தை அதற்குக் கொடுங்கள்.

துவாரகாவிலிருந்து ஒரு தாய்:

என் மகனுக்கு ஆட்டிசம். ஏழு இருபத்தொன்று ஆனது என்று அம்மா ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். எங்கள் வீட்டில் அந்த ஒரு வரிதான் எல்லாம். 1995 சட்டத்தின் ஏழு வகைகளில் ஆட்டிசம் கிடையாது. 1999-இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தபோது அதில் பெயர் இருந்தது, ஆனால் இட ஒதுக்கீடு முதலியவற்றுக்கு 2016 வரை காத்திருந்தோம். கற்றல் குறைபாடு, தலசீமியா, ஹீமோபீலியா போன்ற இரத்தக் கோளாறுகள் உள்ளவர்கள், அமில வீச்சில் பாதிக்கப்பட்டவர்கள் என்று எத்தனை பேர் அந்தப் பட்டியலில் புதிதாக உள்ளே வந்தார்கள்! புதிய சட்டத்துக்கு முன் ஒரு பள்ளியில் சேர்க்கை கேட்டுப் போனபோது, "எந்தப் பிரிவில் இவனைச் சேர்ப்பது?" என்று விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். இன்று என் மகனிடம் மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் தனித்துவ அடையாள அட்டை இருக்கிறது, பிரிவின் பெயர் அதில் அச்சாகியிருக்கிறது.

நாற்பது சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு ஆறு முதல் பதினெட்டு வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு என்பதைக் கூட்டத்தில் தயவுசெய்து சொல்லுங்கள். நம் தமிழ்க் குடும்பங்களிலேயே இது தெரியாமல் வீட்டில் வைத்திருக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் அன்று வந்து இதைக் கேட்டுவிட்டுப் போனால் போதும், அதைவிடப் பெரிய மரியாதை அபிதிக்கு வேண்டாம்.

பிள்ளைகள் வரும் கூட்டம் என்றீர்கள். ஒலிபெருக்கியைக் குறைவாக வையுங்கள். ஓர் அமைதியான அறையைத் திறந்து வையுங்கள். என் மகனையும் அழைத்து வருவேன்.

வழக்கறிஞர், லட்சுமி நகர்:

இரண்டு குறிப்புகள் மட்டும்.

ஒன்று, எல்லோரும் எப்போதும் அவரோடு உடன்பட்டார்கள் என்று பேச வேண்டாம். 2014 பிப்ரவரியில் புதிய மசோதா மாநிலங்களவையில் அறிமுகமானபோது இயக்கமே இரண்டாகப் பிரிந்தது. குறைகள் இருந்தாலும் இப்போதே நிறைவேற்றுங்கள், பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று அபிதி தரப்பு சொன்னது. இந்த வடிவில் வந்தால் இருக்கிற உரிமையும் போய்விடும் என்று மற்றத் தரப்பு எதிர்த்தது. நான் அன்று எதிர்த்தவர்கள் பக்கம் இருந்தேன். இன்றும் அந்த எதிர்ப்பு தேவையாக இருந்தது என்றே நினைக்கிறேன். 2016 வடிவத்தில் பல திருத்தங்கள் வந்ததற்கு அந்த வாதமும் காரணம். ஆனால் மசோதாவை மறக்கவிடாமல் மேசையின் மேலேயே வைத்திருந்தவர் அபிதி என்பதையும் மறுக்க மாட்டேன். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லலாம், அவர்களுக்குப் புரியும்.

இரண்டு, கதை 2018-இல் முடியவில்லை. 2016 சட்டத்தின்படி ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களை ஐந்து ஆண்டுக்குள் மாற்றியிருக்க வேண்டும். விதிகள் 2017 ஜூனில் வந்தன, ஆக அந்தக் கெடு 2022 ஜூனிலேயே போய்விட்டது. பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி தொடுத்த வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், கட்டடத் தரங்களை வெறும் வழிகாட்டுதலாக வைத்திருந்த 15-ஆம் விதி சட்டத்துக்கு முரணானது என்று சொல்லி, கட்டாயத் தரங்களை வகுக்க மூன்று மாதம் கொடுத்தது. அம்மா எழுதிய அந்தப் பழைய வாசகத்தின் பேரன் என்றே அந்த விதியைச் சொல்லலாம். உங்கள் பகுதியில் எந்தப் பொதுக் கட்டடத்தில் வழியில்லை என்று பார்த்து, மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு ஒரு மனு எழுதி, கூட்டத்தில் வந்தவர்களிடம் கையெழுத்து வாங்குங்கள். எழுதித் தர நான் தயார், கட்டணம் வேண்டாம்.

மயூர் விஹார் வாசி:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அழைப்பிதழ் வாசகத்தை மாற்றக் குழு ஒப்புக்கொண்டுவிட்டது. "மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டங்களுக்காக உழைத்த ஜாவேத் அபிதி நினைவுக் கூட்டம்" என்று எளிமையாகப் போடப் போகிறோம். 1980-இல் தொடங்கி, 1995, 2001 என்று பேசி, 2014 விவாதத்தையும் சேர்த்துக்கொள்கிறேன். மனுவுக்கு எங்கள் பகுதியில் படி மட்டுமே உள்ள ஒரு பொதுக் கட்டடத்தைக் குறித்துவிட்டோம். வழக்கறிஞருக்குத் தனியாக எழுதுகிறேன். துவாரகா அம்மா கேட்ட அமைதி அறைக்குக் கூடத்தின் பக்கத்து அறையைத் திறந்து தர ஒப்புக்கொண்டார்கள்.

ஆர்.கே.புரம் அம்மாவை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தி, கணக்கெடுப்பு நடந்த அன்றைய நிகழ்ச்சியைப் பேசச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் ஆசை. வருவீர்களா அம்மா? சமுதாயக் கூடத்தில் இரண்டடி உயர மேடை இருக்கிறது. அதற்குச் சாய்தளம் செய்யத் தச்சரிடம் சொல்லப் போகிறோம். என்ன அளவு சொல்வது?

பழைய ஆர்.கே.புரம்வாசி:

வருகிறேன் தம்பி. பொன்னாடை வேண்டாம். அந்தப் பணத்துக்குச் சைகைமொழி பெயர்ப்பாளர் ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள், முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும், டிசம்பர் 3 அன்று அவர்கள் எல்லோருக்கும் வேலை இருக்கும்.

சாய்தளத்துக்குக் கணக்கு இதுதான்: ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம். இரண்டடி மேடைக்கு இருபத்துநான்கு அடி நீளப் பலகை வேண்டும், அகலம் நான்கடி, இரண்டு பக்கமும் கைப்பிடி. தச்சர் அதைப் பத்தடியில் முடித்துத் தரப் பார்ப்பார், இடமில்லை என்பார். அந்தச் சரிவில் என்னைத் தள்ளிக்கொண்டு ஏறினால் தள்ளுகிறவரும் நானும் சேர்ந்து விழுவோம். உங்கள் கூடத்தில் இருபத்துநான்கு அடி ஒதுக்க முடியாது என்றால் மேடையை அன்று பயன்படுத்தாதீர்கள். நாற்காலிகளைத் தரையில் அரைவட்டமாகப் போட்டு, பேசுகிறவர்கள் எல்லோரும் கீழே இருந்தே பேசட்டும். ஓர் ஒலிவாங்கி கம்பியில்லாததாக இருக்கட்டும், அது என் நாற்காலிக்கு வரும். வரிசைகளுக்கு நடுவே நான்கடி வழி விடுங்கள்.

கழிவறையின் கதவு அகலத்தை அளந்து இன்றே எனக்குச் சொல்லுங்கள். மூன்றடிக்குக் குறைவாக இருந்தால் நான் வேறு ஏற்பாட்டோடு வருவேன். என்னைப் போல இன்னும் யார் வருகிறார்கள் என்று கேட்டு அவர்களுக்கும் தெரிவித்துவிடுங்கள்.